அந்தப் பத்து ரூபாய் செல்லும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் டீ வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் சங்கராபுரத்தில் ஒரு சின்ன முடிவு எடுக்கப் போகிறார்கள். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மஞ்சப்பை இயந்திரம் வைக்கலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆலோசனைக்கு என்று என்னையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாரை ஆலோசனைக்குச் சேர்த்தால் என்ன ஆகும் என்று இப்போது அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

மஞ்சப்பை இயந்திரம் தெரியாதவர்களுக்கு: ஒரு தடவை பயன்படுத்திக் குப்பையில் போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதன் தொடர்ச்சியாக 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே கோயம்பேடு சந்தையில் தானியங்கி இயந்திரம் வந்தது. 10 ரூபாய் போட்டால் ஒரு துணிப்பை விழும். பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது.

எங்கள் குழுவுக்கு மூன்று விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன. முதலாவது, கியூஆர் கோடு மட்டும். போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பினால் பை வரும். இரண்டாவது, நாணயம் மட்டும். மூன்றாவது, இவற்றோடு ரூபாய் நோட்டையும் வாங்கும். மூன்றாவதுதான் விலை அதிகம். விலை ஏறக் காரணம் ஒரே ஒரு பாகம்: நோட்டை உள்ளே இழுத்து, நல்ல நோட்டா என்று பார்த்து, வாங்கவோ துப்பவோ செய்கிற கருவி. ‘பில் வேலிடேட்டர்’ என்கிறார்கள். நான் ‘நோட்டு வாங்கி’ என்று சொல்லிக்கொள்கிறேன்.

“இந்த ஒரு பாகத்துக்கு இவ்வளவு காசா சார்? இப்ப யார் நோட்டு வெச்சிருக்காங்க?” என்று பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் கேட்டார். கைதூக்கும் படம் நிறைய விழுந்தது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டு வாங்கி வேண்டும். அதிலும் கசங்கிய 10 ரூபாயை வாங்குகிற நோட்டு வாங்கி வேண்டும். அது முடியாதென்றால் இயந்திரமே வேண்டாம். ஒரு மேசை போட்டு ஒரு ஆளை உட்கார வைத்துப் பை விற்கலாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு பேருந்து நிலையம். இதே மாதிரி ஒரு இயந்திரம். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. கல்வராயன் மலையிலிருந்து புளி கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்புகிறவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் மலையில் சில வருடம் வேலை பார்த்தவன். அந்தப் பேச்சு காதுக்குப் பழக்கம். கையில் இருந்த கவர் கிழிந்து சாமான் கீழே கொட்டும் நிலை. யாரோ சொல்லி இயந்திரத்துக்கு வந்திருக்கிறார்.

சுருக்குப்பையைத் திறந்து, நாலாக மடித்த 10 ரூபாய் நோட்டைப் பிரித்து, தொடையில் வைத்துத் தேய்த்து நீட்டினார். இயந்திரம் பாதி இழுத்தது. ‘கிர்’ரென்று சத்தம். துப்பிவிட்டது. திருப்பி வைத்தார். துப்பியது. பின்னால் நின்ற பையன் வாங்கி ஒருமுறை வைத்துப் பார்த்தான். அதுவும் வெளியே வந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து ஓடியது. பையன் படித்துச் சொன்னான்.

“இன்வேலிட்னு வருது ஆயா. செல்லாத நோட்டு.”

அந்த அம்மா முகம் சுண்டிப் போனது. என்னைப் பார்த்து, “செல்லாதா சாமி? இப்பதான் டீக்கடையில சில்லறை குடுத்தாங்க” என்றார்.

நான் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். பழையது, அழுக்கு, ஓரம் நைந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. என் பர்ஸில் இருந்த புது 10 ரூபாயை இயந்திரத்தில் வைத்தேன். ஒரே இழுப்பில் வாங்கிக்கொண்டு பையைப் போட்டது. பையை அவரிடம் கொடுத்து, அவருடைய நோட்டை நான் வைத்துக்கொண்டேன். அவர் பையை வாங்கிக்கொண்டு ஒன்று கேட்டார்.

“உங்க நோட்டுன்னா மட்டும் வாங்குதே சாமி, அது ஏன்?”

எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய நோட்டை எதிர்க் கடையில் கொடுத்து ஒரு டீ குடித்தேன். கடைக்காரர் பார்க்கக்கூட இல்லை. கல்லாவில் போட்டுக்கொண்டார்.

‘செல்லாது’ என்ற சொல் நம் ஜனங்களுக்குச் சாதாரணச் சொல் இல்லை. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிறகு அதன் எடை கூடிவிட்டது. 500, 1000 நோட்டுகளை வைத்துக்கொண்டு வங்கி வாசலில் நின்ற நாட்களை யாரும் மறக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 2019-ல், திருப்பூர் மாவட்டத்தில் வயதான சகோதரிகள் இருவர் கடைசிக் காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் முழுக்கப் பழைய நோட்டாக இருந்த செய்தி பத்திரிகையில் வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த பயம் அடித்தட்டில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம், ஒரு நல்ல நோட்டைப் பார்த்து ‘செல்லாது’ என்று சொல்ல எந்த இயந்திரத்துக்கும் உரிமை இல்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 26: வங்கி நோட்டு இந்தியாவின் எந்த இடத்திலும் சட்டப்படி செல்லும் பணம். அழுக்கானால் செல்லாது என்று அதில் இல்லை. இன்னும் ஒன்று: 20 ரூபாய் வரையிலான நோட்டு கிழிந்து போனாலும், அதில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் வங்கி முழு மதிப்பும் கொடுக்க வேண்டும். பாதி நோட்டுக்கே ரிசர்வ் வங்கி இவ்வளவு இரக்கம் காட்டும்போது, முழு நோட்டின் மடிப்புக்கு இயந்திரம் முகம் சுளிக்கிறது.

சரி, அது ஏன் சுளிக்கிறது? நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். ஆனால் மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு மாணவர் ஒரு பழைய நோட்டு வாங்கியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை.

வாயில் நோட்டு வந்தது தெரிந்ததும் மோட்டார் ஓடி, ரப்பர் பட்டைகள் உள்ளே இழுக்கும். போகிற வழியில் சின்னச் சின்ன விளக்குகள் நோட்டின் மேல் ஒளி பாய்ச்சும். சில விளக்குகளின் ஒளி கண்ணுக்குத் தெரியும். அகச்சிவப்பு ஒளி தெரியாது. நோட்டில் பட்டுத் திரும்பும் ஒளி எவ்வளவு, ஊடுருவிப் போகும் ஒளி எவ்வளவு என்று எதிரே உள்ள உணர்விகள் அளக்கும். ஜெராக்ஸ் எடுத்த நோட்டு நம் கண்ணுக்கு அசல் மாதிரி தெரிந்தாலும் அகச்சிவப்பில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் மை வேறு. இப்படி அளந்த கணக்கைத் தன் நினைவில் இருக்கும் மாதிரியோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. எல்லாம் ஒன்றிரண்டு நொடி.

எவ்வளவு ஒத்துப்போனால் போதும்? இங்கேதான் சூட்சுமம். அந்த எல்லைக்கோட்டை மனிதன்தான் வைக்கிறான். கோட்டை இறுக்கினால் கள்ளநோட்டு நுழையாது, ஆனால் நல்ல நோட்டும் வெளியே விழும். தளர்த்தினால் கசங்கிய நோட்டும் உள்ளே போகும், ஆனால் கள்ளநோட்டுக்கும் சந்து கிடைக்கும். விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது தெரிந்த சங்கடம். தப்பான விடைக்கு மார்க் போடக் கூடாது. கையெழுத்து மோசம் என்பதற்காகச் சரியான விடையை அடிக்கவும் கூடாது.

இதில் நானே ஒரு தப்பு செய்தவன். மலைப் பள்ளியில் இருந்தபோது ஒரு பையனின் கணக்குத் தாள். மழையில் நனைந்த பையிலிருந்து எடுத்த தாள்; மை முழுக்கக் கரைந்து பரவியிருந்தது. பொறுமை இல்லாமல் சிவப்பு மையில் ‘படிக்க முடியவில்லை’ என்று எழுதி முட்டை போட்டேன். பையன் தாளைப் பார்த்துவிட்டு, “சார், விடை தப்பா சார்?” என்று கேட்டான். “போய் உட்கார்” என்றேன். சாயங்காலம் மனசு கேட்காமல், அவன் தாளை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஐந்தில் நான்கு சரி. மறுநாள் மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் அந்த ஒரு ராத்திரி அந்தப் பிள்ளை தனக்குக் கணக்கு வராது என்று நினைத்தே தூங்கியிருப்பான். “செல்லாதா சாமி?” என்று அந்த அம்மா கேட்டபோது எனக்குக் கேட்டது அந்தப் பையனின் குரல்தான். படிக்கத் தெரியாதது என் குறை. தோற்றது அவன்.

இப்போது பெங்களூர் மாணவரின் கேள்விக்கு வருகிறேன். “யார் சார் நோட்டு வெச்சிருக்காங்க?”

தம்பி, உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். 2016-ல் யுபிஐ வந்தது. இன்று சுண்டல் வண்டியிலும் ஸ்கேன் அட்டை தொங்குகிறது. நானும் பயன்படுத்துகிறேன். பால்காரருக்கு அதில்தான் அனுப்புகிறேன். அதை எடுத்துவிடச் சொல்லவில்லை, அதுவும் இருக்கட்டும். ஆனால் யாருக்காக இந்த இயந்திரம் என்று யோசியுங்கள். ஸ்மார்ட்போன் இருப்பவர் பெரும்பாலும் பைக்கிலோ காரிலோ வருகிறார். வீட்டிலிருந்து பை எடுத்துவர மறந்தவர். சேராப்பட்டு, வெள்ளிமலைப் பக்கமிருந்து பஸ்ஸில் இறங்கி வருபவரும், கரும்பு வெட்டிவிட்டுக் கூலியோடு கடைக்கு வருபவரும் நோட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். பட்டன் போன், அதிலும் மகன் நம்பர் மட்டும்.

அடுத்தது, நாணயம் மட்டும் போதும் என்பவர்களுக்கு. நாணயம் எனக்கும் பிடிக்கும். ரயில் நிலையத்தில் கலர் விளக்கு சுற்றும் எடை பார்க்கும் மெஷினில் காசு போட்டு, அட்டையின் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ஜோசியமும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். நாணயத்தின் அளவையும் உலோகத்தையும் பார்ப்பது இயந்திரத்துக்குச் சுலபம். கசங்காது, நையாது.

ஆனால் நம் பக்கத்தில் 10 ரூபாய் நாணயத்தின் கதை உங்களுக்குத் தெரியும். பல கடைகளில் வாங்குவதில்லை. கொடுத்தால் சண்டை. 14 வடிவங்களில் வந்த 10 ரூபாய் நாணயம் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தும் கேட்பாரில்லை. கடையில் வாங்காததால் யாரும் கையில் வைப்பதில்லை. கையில் இல்லாததால் இயந்திரத்தில் போட முடியாது. வேடிக்கையைப் பாருங்கள்: மனிதன் வாங்க மறுக்கும் நாணயத்தை இயந்திரம் மரியாதையாக வாங்கிக்கொள்கிறது, மனிதன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் நோட்டை இயந்திரம் துப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் அந்த மலைக்கார அம்மா.

ஆக, நோட்டு வாங்கி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது? விற்பனைப் பிரதிநிதி ஒரு புத்தம் புது நோட்டை வைத்துக் காட்டுவார். கல்யாணப் பெண்ணுக்கு வாசிக்கும் வயலின் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். நாம் கைதட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அப்படிச் செய்யாமல் கீழே உள்ள ஆறு கேள்விகளைக் கேளுங்கள் என்று குழுவில் போட்டிருக்கிறேன். பஞ்சாயத்து, கோயில், ஆஸ்பத்திரி என்று எங்கே இயந்திரம் வைத்தாலும் இது பொருந்தும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

1. எந்த நோட்டையெல்லாம் வாங்கும்? நம்மிடம் ஒரே மதிப்புக்கு இரண்டு அளவு நோட்டு புழங்குகிறது. பழைய 10 ரூபாய் 63 மில்லிமீட்டர் அகலம், 137 நீளம். 2018-ல் வந்த சாக்லேட் பழுப்புக் கலர் புது நோட்டு 63-க்கு 123. பழைய 20 ரூபாய் 147 நீளம். 2019-ல் வந்தது 129. பழைய 100 ரூபாய் 73-க்கு 157; புதிய ஊதா நோட்டு 66-க்கு 142. அமெரிக்காவில் 1 டாலரும் 100 டாலரும் ஒரே அளவு. அங்கே வாய் ஒரே அகலம் இருந்தால் போதும். இங்கே 73 மில்லிமீட்டர் வாயில் 63 மில்லிமீட்டர் நோட்டை வைத்தால் கோணலாகப் போகும், கோணலாகப் போனால் துப்பும். ஆகவே ஒடுங்கிய நோட்டை நேராக்கி இழுக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம், எந்தத் தலைகீழாக வைத்தாலும் நான்கு விதத்திலும் வாங்க வேண்டும். வயதானவரைக் காந்தி முகம் மேலே, இடது பக்கம் முன்னே என்று பரேடு செய்யச் சொல்லக் கூடாது.

2. சின்ன நோட்டுக்குக் கோட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இதுதான் முக்கியம். வங்கிகள் 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளைத்தான் இயந்திரத்தில் சோதித்து, நல்லதை மட்டும் மறுபடி வெளியே விட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 10-ம் 20-ம் அந்தக் கட்டுக்குள் வராமல் கடைக்குக் கடை சுற்றி நைந்து கிடக்கின்றன. நம் இயந்திரத்துக்கு வரப்போவது அந்த நோட்டுகள்தான். அதே சமயம் 500 ரூபாய் இருக்கும்போது 10 ரூபாயைக் கள்ளநோட்டாக அடிக்க எவன் மெனக்கெடுவான்? அப்படி ஒன்று நுழைந்தாலும் நஷ்டம் ஒரு துணிப்பை. ஆகவே 10, 20-க்குத் தளர்வு. 100-க்கு மேல் வாங்கவே வேண்டாம். ஜெராக்ஸையும் பிள்ளைகள் விளையாடும் பொம்மை நோட்டையும் பிடித்தால் போதும். பரீட்சை நடத்துகிறவர் எந்தத் தேர்வு என்று பார்த்துத்தானே கெடுபிடி செய்ய வேண்டும்? ஒன்றாம் வகுப்புக்குப் பறக்கும் படை எதற்கு?

3. புது நோட்டு வந்தால் யார் சொல்லிக் கொடுப்பார்? 2017-ல் 200 ரூபாய் வந்தது, 2018-ல் புது 10-ம் 100-ம், 2019-ல் புது 20. 2016-ல் புது 500, 2000 நோட்டுகள் வேறு அளவில் வந்தபோது நாடு முழுக்க ஏடிஎம்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றியமைக்க வேண்டியிருந்தது. பிறகு அந்த 2000-ஐயும் 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து எடுப்பதாக அறிவித்தார்கள். பாடத்திட்டம் மாறினால் வாத்தியாருக்குப் பயிற்சி தருவது மாதிரி, நோட்டு மாறினால் கருவியின் மென்பொருளை மாற்ற வேண்டும். எத்தனை நாளில், யார் செலவில் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும்.

4. கரன்ட் போனால் நோட்டு யாருடையது? பாதி விழுங்கும்போது மின்சாரம் நின்றால்? நல்ல கருவிகளில் நோட்டை உடனே பெட்டிக்குள் தள்ளாமல், வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் பிடித்து வைத்திருக்கும் வசதி உண்டு. பை விழுந்தது உறுதியானால் உள்ளே போகும். விழாவிட்டால் நோட்டு திரும்பி வரும். நம் ஊர் மின்வெட்டுக்கு இது அவசியம். கூடவே சின்ன பேட்டரி. இயந்திரத்தின் மேல் ஒரு போன் நம்பர், அதை எடுக்க ஒரு ஆள்.

5. யார் துடைப்பார்? நோட்டின் அழுக்கு கண்ணாடியில் படியும். கண்ணாடி மங்கினால் நல்ல நோட்டும் அதற்குக் கெட்ட நோட்டாகத் தெரியும். என் கண்ணாடியைத் துடைக்காமல் விடைத்தாள் திருத்துவது மாதிரி. பேருந்து நிலையப் புழுதியில் அடிக்கடி துடைக்க வேண்டும். கழற்றித் துடைக்க ஸ்பேனர் வேண்டியிருந்தால் யாரும் துடைக்க மாட்டார்கள். கையால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். நூல் கட்டிய நோட்டை உள்ளே விட்டு வெளியே இழுக்கும் கெட்டிக்காரர்களுக்குத் தடுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். எடை மெஷின் காசில் நூல் கட்டியவர்கள் நம்மிலேயே சிலர் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

6. மறுக்கும்போது என்ன சொல்லும்? தமிழில் சொல்ல வேண்டும். எழுத்தோடு குரலும் இருந்தால் நல்லது. ‘செல்லாது’ என்ற சொல் வரவே கூடாது. ‘இந்த நோட்டை என்னால் படிக்க முடியவில்லை. நீவிவிட்டு மறுபடி வையுங்கள். முடியாவிட்டால் பக்கத்துக் கடையில் பை கிடைக்கும்’ என்று சொல்லட்டும். குறை இயந்திரத்துடையது என்று இயந்திரமே ஒப்புக்கொள்ளட்டும். இதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை, இரண்டு வரி மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

மீதிச் சில்லறை பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். வாங்கிய நோட்டையே மீதியாகத் திருப்பித் தரும் கருவிகள் உண்டு. விலை ரொம்ப அதிகம். நமக்கு வேண்டாம். 20 ரூபாய் போட்டால் இரண்டு பை என்று வைத்துவிடலாம். டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுக்கும் கண்டக்டரோடு சண்டை போட்ட அனுபவம் நமக்குப் போதும்.

எல்லாவற்றுக்கும் மேல், பெரிய இடங்களே இதில் திணறித்தான் கற்றுக்கொண்டன. ரயில்வே, டிக்கெட் தரும் தானியங்கி இயந்திரங்களை வைத்தது. கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். கடைசியில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களை உதவியாளராக நிறுத்தி, டிக்கெட் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஜனங்கள் தடுமாறும் இடத்தில் மனிதனை நிறுத்துவது நல்ல நிர்வாகம். நம் இயந்திரத்துக்கும் பக்கத்திலேயே ஒரு கடைக்காரர் சாவி வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நோட்டின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. “நம்ம ஜனங்க நோட்டை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவங்க” என்று குழுவில் ஒருவர் எழுதினார். நம் நோட்டு பருத்தியில் செய்த தாள். வியர்வையிலும் தண்ணீரிலும் தளர்ந்துபோவது அதன் இயல்பு. ஆஸ்திரேலியா 1988-லேயே பிளாஸ்டிக் மாதிரியான பாலிமர் நோட்டு வெளியிட்டது. பக்கத்தில் இலங்கைகூட 1998-ல் 200 ரூபாய் பாலிமர் நோட்டு ஒன்றை வெளியிட்டது. நம் நாட்டிலும் 10 ரூபாயைப் பாலிமரில் அடித்து கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர் ஆகிய ஐந்து நகரங்களில் வெள்ளோட்டம் விடப்போவதாகப் பல வருடம் முன்பு அறிவித்தார்கள். நம் கைக்கு இன்னும் பருத்தி நோட்டுத்தான் வருகிறது. கரும்புக் காட்டில் இடுப்பில் செருகிய நோட்டு மொடமொடவென்று இருக்க வேண்டும் என்றால் எப்படி? அந்தக் கசங்கலில் உழைப்பின் ஈரம் இருக்கிறது. ஏசி அறையில் பர்ஸுக்குள் இருந்த என் நோட்டுக்கு அந்த யோகம் இல்லை.

விலை அதிகம் என்பது உண்மைதான். முன்னாள் மாணவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுக்கும் பணம். வீணாக்கக் கூடாது என்ற கவலை நியாயம். ஆனால் மலிவான கருவியை வைத்து, நாலு பேர் நோட்டை நீட்டி, நாலு பேருக்கும் துப்பினால் ஐந்தாவது ஆள் கிட்டே வரமாட்டார். பிறகு அது போஸ்டர் ஒட்டும் இடமாகும். அதற்குச் செலவழித்த பணம் முழுக்க வீண். விலையைப் பார்ப்பவர்கள் இந்த விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக என் வேண்டுகோள். விற்பனைப் பிரதிநிதிகள் ஞாயிற்றுக்கிழமை காலை தங்கள் கருவிகளை எடுத்துவருகிறார்கள். அன்று வருகிற ஒவ்வொருவரும் ஒரு 10 ரூபாய் நோட்டு கொண்டுவாருங்கள். நல்ல நோட்டு வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பதிலேயே மோசமான நோட்டு வேண்டும். பூக்கடை, மீன்கடை, டீக்கடை, மலைக்குப் போகும் பஸ் கண்டக்டர் பை என்று நானும் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கட்டு நோட்டை எல்லாக் கருவிக்கும் கொடுப்போம். முதல் தடவையிலேயே வாங்கியது எத்தனை, இரண்டாம் தடவை எத்தனை, துப்பியது எத்தனை என்று கரும்பலகையில் எழுதுவோம். நடுவில் நாலு ஜெராக்ஸ் தாளையும் சொருகுவோம். அதை வாங்கினால் பெயில். மார்க் அதிகம் வாங்கும் கருவிக்கு ஆர்டர். சிபாரிசு செல்லாது.

அந்த அம்மாவின் நோட்டை டீக்கடையில் கொடுத்துவிட்டேன் என்று முன்பு சொன்னேன். குடித்து முடித்ததும் வேறு காசு கொடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பரீட்சையில் முதல் கேள்வித்தாள் அதுதான்.

காலை பத்து மணி. வாத்தியார் மணி பத்து, பத்தேகால் இல்லை.